பின்னால் இழுக்கும் டிராலிக்கு லைட் வயரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கொடை, திருவிழா என்றால் ஜீப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர் டிராலி வந்துவிடும். கடற்கரைப் பக்கம் வள்ளம் ஏற்றிய டிரெய்லர், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் டிராக்டர் பெட்டி. இவற்றில் பாதி ராத்திரியில்தான் ரோட்டுக்கு வருகின்றன. பலவற்றின் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம்கூட இருப்பதில்லை. தக்கலை வட்டாரத்தில் வண்டி வயரிங் வேலை செய்யும் எனக்கு டிராலிக்காரர்களும் டிரைவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவ்வுக்குத் திரும்பிப் போகும் பாதை, பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

டிராலியில் ரிப்ளெக்டர் ஒட்டியிருக்கிறேன். இழுக்கிற வண்டியிலும் டெயில் லைட் எரிகிறது. பிறகு டிராலிக்குத் தனி லைட் எதற்கு?

ரிப்ளெக்டர் தானாக எரியாது. பின்னால் வருபவரின் ஹெட்லைட் அதன்மேல் நேராக விழ வேண்டும். நம் ரோடுகள் வளைவும் மேடுபள்ளமுமாகக் கிடக்கின்றன. வளைவில் ஹெட்லைட் ரோட்டோரத்து மதிலைப் பார்க்கும், டிராலியைப் பார்க்காது. மழையில் சேறு தெறித்துவிட்டால் ரிப்ளெக்டர் இருந்தும் பயனில்லை. இழுக்கிற வண்டியின் டெயில் லைட்டை ஜெனரேட்டர் பெட்டியே மறைத்துவிடும். நீங்கள் பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரிய வேறு வழியே கிடையாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105ஆவது விதிப்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் வண்டியில் விளக்கு எரிய வேண்டும். பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்தில் தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டில் வெள்ளை வெளிச்சம் விழுந்து 15 மீட்டரில் எண்ணைப் படிக்க முடிய வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

எத்தனை வயர் இழுக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து: டெயில், பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், எர்த். நான்கு வயரோடு வந்து, "எர்த் வேண்டாம், கொக்கி வழியாக வந்துவிடும்" என்று சொல்பவர்களுக்கு அடுத்த பதில்.

கொக்கி இரும்புதானே அண்ணாச்சி, டிராலியும் இரும்பு. எர்த் அது வழியாகவே வராதா?

வரும். அதுதான் சிக்கலே. ஷெட்டில் நிறுத்திப் பார்க்கும்போது எல்லா லைட்டும் பளிச்சென்று எரியும். வேலை முடிந்தது என்று காசு கொடுத்துவிட்டுப் போவீர்கள். ரோட்டில் ஏறியதும் கொக்கியும் பின்னும் ஆடும். ஒவ்வொரு குலுக்கலிலும் தொடுப்பு விட்டுவிட்டு வரும். ஒரு டிராலியின் கொக்கிப் பின்னைக் கழற்றிப் பாருங்கள்: கருப்பு கிரீஸ், அதில் ஒட்டிய மண், ஓரத்தில் துரு, நடுவில் உராய்ந்து வெளுத்த சின்ன இடம். உங்கள் பிரேக் லைட்டின் கரண்ட் முழுவதும் திரும்பி வர அந்த வெளுத்த இடம் ஒன்றுதான் பாதை.

எர்த் விட்டுப்போனால் லைட் அணைந்துவிடும் என்று நினைப்பார்கள். அப்படி நேராக நடக்காது. பின்பக்க பல்பில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் போய்விட்டால், பிரேக் பிடிக்கும்போது கரண்ட் 21 வாட் இழை வழியாக வந்து, வெளியே போக வழியில்லாமல் 5 வாட் இழை வழியாகத் திரும்பி டெயில் வயருக்குள் ஏறும். அங்கிருந்து முன்வண்டியின் டெயில் பல்புகள் வழியாகப் போய் எர்த் தேடிக்கொள்ளும். அதனால்தான் பிரேக் பிடித்தால் டெயில் லைட் மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் மற்ற லைட்டும் சேர்ந்து மினுக்குவது, டாஷ்போர்டு விளக்குகூட லேசாக எரிவது போன்ற கூத்தெல்லாம் நடக்கிறது. இப்படி ஒரு வண்டி வந்தால் பல்பையும், இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பிளாஷரையும் மாற்றத் தொடங்க வேண்டாம். முதலில் எர்த்தைப் பாருங்கள்.

சரியான முறை இதுதான். முன்வண்டியின் சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்ததும் லக் (வயர் நுனியில் அழுத்தும் உலோக வளையம்) வைத்து நட்டுபோல்ட்டில் இறுக்குங்கள். அங்கிருந்து தனி வயர், டிராலியின் பிளக் மாட்டும் சாக்கெட்டுக்கு. சாக்கெட்டிலிருந்து டிராலியின் இரண்டு பின்லைட்டுக்கும் எர்த் வயர் நேராகப் போக வேண்டும், டிராலியின் இரும்பை நம்ப வேண்டாம். இறுக்கிய இடத்தில் வாஸ்லின் பூசிவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் போதும். கருப்பு முனையை ஒரு நீள வயர் வழியாக முன்வண்டி பேட்டரியின் நெகட்டிவ்வில் வையுங்கள். சிவப்பு முனையை டிராலி பல்பு ஹோல்டரின் எர்த்தில் வையுங்கள். எல்லா லைட்டும் எரியும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம்.

செவன் பின் சாக்கெட்டில் எந்த பின்னுக்கு எந்த வயர்?

12 வோல்ட் சாக்கெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 1724 என்ற தரத்தில் உள்ள வரிசை இது. ஒன்று மஞ்சள், இடது இண்டிகேட்டர். இரண்டு நீலம், பின்பக்க மூடுபனி விளக்கு. நமக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மூன்று வெள்ளை, எர்த். நான்கு பச்சை, வலது இண்டிகேட்டர். ஐந்து பழுப்பு, வலது டெயில். ஆறு சிவப்பு, பிரேக். ஏழு கருப்பு, இடது டெயில்.

கருப்பு என்றால் எர்த் என்று கை பழகிப் போயிருக்கும். இங்கே வெள்ளைதான் எர்த், கருப்பு டெயில். கருப்பைச் சேஸிஸில் போட்டுவிட்டு, லைட் போட்டதும் பியூஸ் போகிறது என்று வருபவர்கள் நிறைய. ஆன்லைனில் வாங்கும் நான்கு வயர் கப்ளர் பெரும்பாலும் அமெரிக்க முறை: வெள்ளை எர்த், பழுப்பு டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்குத் தனி வயர் அதில் கிடையாது. அங்கே பல வண்டிகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பில் எரியும். நம் வண்டிகளில் இண்டிகேட்டர் தனியாக மஞ்சளில் எரிகிறது. அந்தக் கப்ளரை இங்கே வாங்கி மாட்டினால் பிரேக் வயருக்கு இடமே இருக்காது.

என்ன சைஸ் வயர் போடலாம்? வீட்டு வயரிங் மிச்சம் கிடக்கிறது.

வீட்டு வேலைக்கு வாங்கிய ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், அதிர்வில் முறிந்துவிடும். பல இழை உள்ள ஆட்டோ வயர் வாங்குங்கள்.

சைஸுக்குக் கணக்கு இருக்கிறது. 12 வோல்ட்டில் இரண்டு 21 வாட் பிரேக் பல்பு 3.5 ஆம்பியர். இரண்டு டெயில், ஒரு நம்பர் பிளேட் விளக்கு, மூன்றும் 5 வாட், சேர்த்து 1.25 ஆம்பியர். ஒரு இண்டிகேட்டர் 1.75. பிரேக் பிடித்துத் திரும்பும்போது எர்த் வயரில் மட்டும் 6.5 ஆம்பியர் ஓடுகிறது.

எல்லாவற்றுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் வயர், 10 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். பிரேக் வயரில் 0.6 வோல்ட் போகும். அதே சைஸ் எர்த்தில் 1.1 வோல்ட்டுக்கு மேல் போகும். பல்புக்கு வந்து சேர்வது பத்தேகால் வோல்ட்தான். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் இழை பல்பின் வெளிச்சம் சரசரவென்று இறங்கும். இந்த அளவுக்கு வெளிச்சம் ஏறக்குறைய அறுபது சதவீதமாகிவிடும். எர்த்தை மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் அந்த 1.1 வோல்ட் இழப்பு 0.5க்குள் வந்துவிடும். லைட் வயருக்கு 1 அல்லது 1.5, எர்த்துக்கு 2.5 என்று போட்டுவிடுங்கள். வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முன்வண்டியில் கரண்ட் எங்கே எடுப்பது? டெயில் லைட் வயரைச் சுரண்டிச் சுற்றிவிட்டால் போதாதா?

பழைய ஜீப், மினி லாரி, டிராக்டர் என்றால் டெயில் லைட் கப்ளர் பக்கத்தில் ஜாயின்ட் எடுக்கலாம். ஆனால் முறுக்கி டேப் சுற்றுவது ஜாயின்ட் ஆகாது. சால்டர் வைத்தோ லக் வைத்து அழுத்தியோ, மேலே சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் இழைகளை அறுத்துவிடும். அறுந்த இடத்தில் உப்புக்காற்று புகும். நம் ஊரில் அது நெடுநாள் தாங்காது.

புதிய கார்களில் இப்படி நேராக எடுக்கவே கூடாது. லைட்டைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. எந்த பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கூடுதல் பல்பு சேர்ந்தால் எச்சரிக்கை காட்டும், அந்த லைனையே அணைத்துவிடும், சில நேரம் யூனிட்டே கெட்டுவிடும். இதற்கு ரிலேதான் வழி: சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்கும்படி, தனி வயர் பின்னால் கொண்டுவர வேண்டும். டிராலி பல்புக்கான கரண்ட் அதிலிருந்து ரிலேயின் 30, 87 எண் பின்கள் வழியாகப் போகும். காரின் லைட் வயர் 85, 86இல் உள்ள சுருளை இயக்கினால் மட்டும் போதும், அதற்கு ஆகும் கரண்ட் மிகக் குறைவு. சுருள் அணையும்போது எழும் வோல்ட் கம்ப்யூட்டரைத் தாக்காமல் இருக்க, உள்ளே டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வைத்த ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள். டெயில், பிரேக், இரண்டு இண்டிகேட்டர் என்று நான்கு ரிலே. எல்லாம் ஒரே பெட்டியில் வரும் டிரெய்லர் மாட்யூலும் கிடைக்கிறது. கார் கம்பெனி அதற்கென்று விற்பது இருந்தால் அதுவே நல்லது.

டிராலி மாட்டியதும் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறது. ஏன்?

பழைய தகர டப்பா பிளாஷர் சூட்டில் வேலை செய்வது. பல்பு கூடினால் கரண்ட் கூடும், சூடு சீக்கிரம் ஏறும், வேகமாக அடிக்கும். எலக்ட்ரானிக் பிளாஷராக மாற்றுங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் வாட் போதுமா என்று பல்புகளைக் கூட்டிப் பாருங்கள்: முன்வண்டியின் ஒரு பக்கத்துக்கு 21, 21, பக்கவாட்டில் 5, டிராலிக்கு இன்னொரு 21, மொத்தம் 68 வாட். நான்கு பக்கமும் சேர்த்து அடிக்கும் ஹசார்டு போட்டால் இது இரட்டிப்பாகும்.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். எலக்ட்ரானிக் பிளாஷர் ஒரு பல்பு போனால் படபடவென்று அடித்துக் காட்டிக்கொடுக்கும். டிராலி பல்பும் சேர்ந்திருக்கும்போது கரண்ட் போதுமானதாகத் தெரியும், அதனால் முன்வண்டியில் ஒரு பல்பு போனாலும் அடிக்கும் வேகம் மாறாது. இறங்கிச் சுற்றிப் பார்த்தால்தான் உண்டு.

எல்.இ.டி. போடலாமா?

தாராளமாக. டிராலிக்கு அதுதான் நல்லது. இழை இல்லாததால் குலுக்கலில் அறுந்து போகாது, கரண்ட் குறைவு, பிசின் ஊற்றி அடைத்த வகை தண்ணீர் புகாது. பிளஸ் மைனஸ் மாறினால் எரியாது, பார்த்து மாட்டுங்கள். 10 முதல் 30 வோல்ட் என்று போட்டிருப்பதாக வாங்கினால் ஜீப்பிலும் லாரியிலும் ஓடும்.

அப்படியென்றால் 12 வோல்ட் டிராலியை லாரியில் மாட்டலாமா?

பெரிய லாரி 24 வோல்ட். 12 வோல்ட் பல்பு போட்ட டிராலியை அதில் மாட்டினால் பல்பு அப்போதே போய்விடும். தெரியாமல் மாட்டக் கூடாது என்பதற்காகவே 24 வோல்ட் சாக்கெட்டின் நடுப் பின்னை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அதை ராவி உள்ளே திணிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஜெனரேட்டரிலேயே பேட்டரி இருக்கிறதே. டெயில் லைட்டை அதிலிருந்து எடுத்தால் என்ன?

டெயில் மட்டும் எரியும். பிரேக்கும் இண்டிகேட்டரும் முன்வண்டியிலிருந்துதான் வர வேண்டும். மண்டைக்காடு கொடைக்குப் போய் இறங்கியதும் சுவிட்சை அணைக்க மறந்தீர்கள் என்றால், ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்ய பேட்டரியில் சார்ஜ் இருக்காது.

வள்ளம் ஏற்றும் டிரெய்லர். ஒரு சீசன்கூட லைட் தாங்கவில்லை. என்ன செய்வது?

கடற்கரைக்காரர்கள் அதிகம் கேட்பது இது. மேற்குக் கரையில், குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம், மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்தைக் கரையேற்றி வேலை பார்க்க யார்டுக்குக் கொண்டுபோவதும் அப்போது, தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்வதும் அப்போது. கீழே உப்புத் தண்ணீர், மேலே மழை, நடுவில் வயரிங்.

ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். வயரின் தோலைச் சீவினால் செம்பு கருத்து, நகத்தால் தொட்டாலே பொடியும். உப்புத் தண்ணீர் வெட்டிய முனை வழியாக நுழைந்து இழைகளுக்கிடையே உள்ளே ஏறிவிடுகிறது. அதனால் கருத்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு ஜாயின்ட் போட்டால் பயனில்லை. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள், வரவில்லை என்றால் வயரையே மாற்றுங்கள். ஈயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள், படகு வேலைக்கு அதுதான்.

சாக்கெட்டை, அதன் மூடி கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்டுங்கள். பின்களில் வாஸ்லின். பல்பு வகை லைட் என்றால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். எரிந்து சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. லைட், நம்பர் பிளேட், ரிப்ளெக்டர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் பூட்டி, நீள வயரோடு தனியாக வைத்துக்கொள்வது. தண்ணீரில் இறக்கும் முன் பலகையைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டுவிடலாம். கரையேறியதும் வள்ளத்தின் பின்பக்கம் கட்டிவிடலாம். வள்ளம் டிரெய்லரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் லைட் அதன் கடைசியில் இருப்பதுதான் சரியும்கூட.

அமெரிக்காவில் வீடு போன்ற வண்டிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுக்கிறார்கள். அந்தக் காரின் லைட் எப்படி எரிகிறது? இங்கே செய்யலாமா?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ அனுப்புவதால் இந்தக் கேள்வி வருகிறது. அங்கே மோட்டார் ஹோமுக்குப் பின்னால் சின்னக் காரை டோ பாரில் பூட்டி, நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுப்பார்கள். லைட்டுக்கு மூன்று வழி. காந்தம் வைத்த லைட்டைக் காரின் மேல் ஒட்டி வயர் இழுப்பது ஒன்று. காரின் டெயில் லைட் கூட்டுக்குள் தனி பல்பு பொருத்தி, காரின் வயரிங்கைத் தொடாமலே விடுவது இன்னொன்று. மூன்றாவது, காரின் சொந்த பல்பையே எரிய வைப்பது. இதற்குத்தான் டயோடு வேண்டும்.

டயோடு கிணற்று மோட்டாரின் புட் வால்வு மாதிரி, ஒரு பக்கம்தான் விடும். பல்புக்குக் காரின் வயரும் மோட்டார் ஹோமின் வயரும் இரண்டுமே வருகின்றன. இரண்டிலும் ஆளுக்கொரு டயோடு இருந்தால், மோட்டார் ஹோமிலிருந்து வரும் கரண்ட் பல்புக்கு மட்டும் போகும், காரின் வயரிங்குக்குள் ஏறி சுவிட்சையும் கம்ப்யூட்டரையும் கெடுக்காது. டயோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் அளவு தின்னும், அதனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். எல்.இ.டி. டெயில் லைட் உள்ள புதிய கார்களில் டயோடு முறை பல நேரம் சரிவராது, தனி பல்பு வழிதான்.

இங்கே ஓடுகிற நல்ல காரை இப்படி இழுத்துப் போக விதி இடம் தரவில்லை. பழுதாகி நின்ற வண்டியைத்தான் இழுக்கலாம், இரண்டுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ராத்திரி கார் நின்றுவிட்டால் முடிந்தவரை ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். இழுத்தே ஆக வேண்டும் என்றால், நின்ற காரின் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை அதன் ஹசார்டையும் டெயில் லைட்டையும் போடுங்கள். சாவி ஸ்டியரிங் லாக் விழாத நிலையில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும் என்பதை உள்ளே உட்காருபவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டரி செத்திருந்தால் மேலே சொன்ன லைட் பலகை அப்படியே உதவும்.

கொக்கிப் பக்கம் கேபிள் அடிக்கடி அறுகிறது.

நீளத்தை நேராக நிற்கும்போது அளந்திருப்பீர்கள். முழு ஒடிப்பில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து அளக்க வேண்டும். மிச்சம் ரோட்டில் உரசாமல் டிராபாரில் (டிராலியை இழுக்கும் முன்கம்பி) ஒரு வளையமாகக் கட்டுங்கள். சேப்டி செயினோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஆள் ஒருவர் பின்னால் நிற்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, டெயில் லைட் போட்டு, அதை அணைக்காமலே பிரேக்கை மிதித்து, மிதித்தபடியே இடது இண்டிகேட்டர், பிறகு வலது. ஒவ்வொன்றாகத் தனித்தனியே பார்த்தால் எர்த் கோளாறு தெரியாது, எல்லாம் சேர்ந்து எரியும்போதுதான் வெளிப்படும். அப்படியே டிராபாரைப் பிடித்து நன்றாக ஆட்டச் சொல்லுங்கள். லைட் மினுங்கினால் களியக்காவிளையோ வள்ளியூரோ, எங்கே போவதாக இருந்தாலும் முதலில் அந்த எர்த்தைக் கழற்றிச் சுரண்டி இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.